எட்டாம் வரியின் முதல் எழுத்து

பிப்ரவரி 9, ஞாயிறு

அழைப்பிதழ் வந்திருக்கிறது. நான்கு பக்கம், பொன்னிற விளிம்பு, தலைப்பில் பிள்ளையார். காஞ்சிபுரம் வன்னிவனநாதர் கோயிலில் வரும் சனிக்கிழமை மாலை ‘வரலாற்றுக் கல்’ ஒன்று திறக்கப்படுகிறது. திறந்து வைப்பவர் திருப்பணிக் குழுத் தலைவரும் பட்டு வணிகருமான தனகோட்டி முதலியார். ஆய்வுரை, ‘கல்வெட்டுச் செம்மல்’ முனைவர் க. பூவராகன். செம்மல் பட்டத்தை வழங்கியது யார் என்று குறிப்பு இல்லை. இத்தகைய பட்டங்கள் மழையைப் போன்றவை. மேலிருந்து வருகின்றன, யார் அனுப்பினார் என்று யாரும் கேட்பதில்லை.

அழைப்பிதழின் மூலையில் பூவராகன் கைப்பட எழுதியிருக்கிறான்: ‘அம்பலம், நீ அவசியம் வர வேண்டும்.’ அவன் கையெழுத்து மாறவில்லை. பிறர் எழுதியதைப் பார்த்து எழுதுகிறவனின் கையெழுத்து எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

அவனுடைய நூலின் பெயர் ‘பேரன் எழுப்பிய கோயில்’. இதுவரை மூன்று பதிப்புகள். அந்நூல் நிற்பது ஒரே ஒரு கல்வெட்டின் மீது; அந்தக் கல்வெட்டு நிற்பது ஒரே ஒரு சொல்லின் மீது. அந்தச் சொல்லை 1994ஆம் ஆண்டு, இருபத்தாறாம் வயதில், வாசித்தவன் நான். கல்லைக் கழுவியவன் நான். ஈரத் தாளை ஒட்டித் தூரிகையால் அடித்து மை ஒற்றியவன் நான். சென்னையில் என் விடுதி அறைத் தோழனாக இருந்த பூவராகன் அன்றைக்குத் தண்ணீர் வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தான். வாளி பிடித்தவன் பல்கலைக்கழகத் துறைத் தலைவராகிவிட்டான். மை ஒற்றியவன் மயிலாடுதுறையில் ஒன்பதாம் வகுப்புக்குப் பிரெஞ்சுப் புரட்சி நடத்துகிறான்.

தையல்நாயகி அழைப்பிதழை இரண்டு முறை படித்தாள்.

“போகப் போறீங்களா?”

“போகிறேன்.”

“போயி?”

“மேடையில் என் களப்பணி நோட்டை விரித்துக் காட்டப்போகிறேன். தேதி போட்டிருக்கிறது. என் கையெழுத்து இருக்கிறது.”

“அப்ப நானும் வர்றேன். சண்ட போட்டாக் கூட்டிக்கிட்டு வர ஆள் வேணும். முப்பது வருஷமா அந்த ஒத்தக் கல்லோடதான் குடும்பம் நடத்துறீங்க, சக்களத்தி எப்படி இருக்கான்னு நானும் ஒரு தடவ பாக்குறேன்.”

பிப்ரவரி 10, திங்கள்

மூன்று நாள் விடுப்புக்கு விண்ணப்பித்தேன். காரணம் என்ற இடத்தில் ‘சொந்த வேலை’ என்று எழுதினேன். என் பணிக்காலத்தில் இவ்வளவு துல்லியமான விண்ணப்பத்தை நான் எழுதியதில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

நோட்டைப் பரணிலிருந்து எடுத்தேன். கரப்பான் பூச்சிகள் ஓரத்தை மட்டும் தின்றிருக்கின்றன. பூவராகனைவிட நாகரிகமானவை.

மேடையில் அமர்ந்திருக்கும் பட்டு வணிகருக்கும் விளங்கும்படி எப்படிச் சொல்வது என்று எழுதிப் பார்க்கிறேன். பழங்காலக் கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேற்றுமை கிடையாது. துணைக்காலும் ரகரமும் ஒரே உருவம். ஆகவே ‘பொன்’ என்று எழுதினாலும் ‘பேரன்’ என்று எழுதினாலும் கல்லில் விழுவது அதே நான்கு குறிகள். எது என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஏழாம் வரி ‘பெருந்தச்சன் நக்கன்’ என்று வந்து, இந்த நான்கு குறிகளோடு முடிகிறது. எட்டாம் வரியின் முதல் எழுத்து அன்று சுண்ணாம்புப் பூச்சுக்குள் புதைந்திருந்தது. அதற்கப்பால் ‘ட்ட திருவிளக்கு ஒன்று’ என்பது தெளிவு. மறைந்த எழுத்தை ‘இ’ என்று ஊகித்தேன். பேரன் இட்ட திருவிளக்கு. பெருந்தச்சனின் பேரன் காலத்தில்தான் கோயில் முடிந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது. அன்று மாலை நானும் பூவராகனும் ஆளுக்கு ஆறு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டோம்.

நோட்டில் ‘பேரன்’ என்ற சொல்லை அடுத்து ஒரு கேள்விக்குறி இருக்கிறது. கீழே, ‘பூச்சு நீங்கியபின் எட்டாம் வரித் தொடக்கத்தைச் சரிபார்க்க’ என்றும் எழுதியிருக்கிறேன். கட்டுரை 1997இலேயே ஆயத்தம்; தையல்நாயகியே செம்மைப்படி எழுதிக் கொடுத்தாள். அந்த ஒரு சரிபார்ப்பு மட்டும் பாக்கி. இங்கிருந்து காஞ்சிபுரம் ஆறு மணி நேரம். தேர்தல் பணி, விடைத்தாள் திருத்தம், மூத்தவளுக்கு அம்மை, மழை என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது. ஒருமுறை செங்கல்பட்டு வரை போய்த் திரும்பியிருக்கிறேன். ஏன் திரும்பினேன் என்பது இப்போது நினைவில் இல்லை.

2009இல் பூவராகனின் நூல் வந்தது. வாசிப்பை அவன் எடுத்துக்கொண்டான். கேள்விக்குறியை எனக்கு விட்டுவிட்டான். நேர்மையான பாகப்பிரிவினை. தாத்தா அடித்தளம் போட்டாராம், அப்பா சுவர் எழுப்பினாராம், பேரன் விமானத்தை முடித்தானாம். கல்வெட்டில் அப்பா என்று ஒருவர் எங்குமே இல்லை. அவருக்கும் நாற்பது பக்கத்தில் ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறான். பெருந்தன்மை.

பிப்ரவரி 13, வியாழன்

காஞ்சிபுரம். ஆயிரம் கோயில்களின் நகரம் என்று பெயர்ப்பலகைகள் சொல்கின்றன. பேருந்து நிலையத்திலிருந்து பார்த்தால் ஆயிரம் பட்டுக் கடைகள் தெரிகின்றன. கோயில்கள் அவற்றின் கிடங்குகளைப் போல இடையிடையே நிற்கின்றன.

ஆட்டோ ஓட்டுநரிடம் வன்னிவனநாதர் கோயில் என்று தெளிவாகச் சொன்னேன். பத்து நிமிடத்தில் ஒரு பட்டுக் கடை வாசலில் இறக்கினார்.

“இது கோயில் இல்லையே.”

“உள்ள போய்ப் பாருங்க சார், அம்மாவுக்குப் புடிக்கும். கோயிலு எங்க போவுது? ஆயிரம் வருசமா அங்கதான் கீது. இங்கதான் ஆஃபரு நாளையோட முடியுது.”

வாதத்தில் பிழை காண முடியவில்லை. தையல்நாயகி உள்ளே போய் ஒன்றும் வாங்காமல் ஒன்றேகால் மணி நேரம் கழித்து வந்தாள். வெளியே வந்தபோது இருட்டிவிட்டதால் விடுதிக்கே திரும்பினோம். வழியில் கைலாசநாதர் கோயிலின் மணற்கல் சிங்கங்களைச் சுற்றுச்சுவருக்கு மேலாகக் காட்டினேன். “மூக்கெல்லாம் தேஞ்சு போச்சே, பாவம்” என்றாள். பதின்மூன்று நூற்றாண்டுகளைப் பற்றி இதைவிடச் சுருக்கமான ஆய்வுரையை நான் கேட்டதில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

கல்லைப் பார்த்தேன்.

காலையில் ஏழு வரிதான் எழுத முடிந்தது, அதையும் அடித்துவிட்டேன். இப்போது பிற்பகல். ஒழுங்காக எழுதுகிறேன்.

கோயில் சிறியது. இக்காலத் திருப்பணி என்றால் கோபுரத்துக்கு மிட்டாய் வண்ணம் அடிப்பார்கள். முதலியார் அதையும் செய்திருக்கிறார். ஆனால் கருவறையின் தென்புற அடித்தளத்தில் இருந்த சுண்ணாம்பை மட்டும் தண்ணீரும் தேங்காய்நார்த் தூரிகையும் கொண்டு பொறுமையாக நீக்கியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஒரு வேலை ஒழுங்காக நடந்தது என் வாழ்நாளில் இரண்டாவது முறை. அது இந்தச் சுவரில்தானா நடக்க வேண்டும்?

மண்டியிட்டுப் படித்தேன். ஏழாம் வரி அப்படியே இருக்கிறது. எட்டாம் வரியின் முதல் எழுத்து ‘இ’ அல்ல. ‘னி’.

னிட்ட. அதாவது பொன்னிட்ட. தனிக் குறிலை அடுத்த மெய், உயிர் வந்து சேர்ந்தால் இரட்டிக்கும். கண்ணில், கல்லெறி, பொன்னிட்ட. பேரன் என்பது ஒருபோதும் இரட்டிக்காது. ‘பேரன்னிட்ட’ என்று எழுதும் தமிழன் இன்னும் பிறக்கவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு மதிப்பெண்ணுக்கு எழுதும் விதி. பெருந்தச்சன் நக்கன் ஒரு விளக்குக்குப் பொன் கொடுத்தான். அவ்வளவே. அவனுக்குப் பேரன் இருந்தானா என்பது அவன் வீட்டு விஷயம்.

“என்னங்க, மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு?” என்றாள் தையல்நாயகி.

“வெயில்.”

“நிழல்லதான உக்காந்திருக்கீங்க.”

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். பூவராகன். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தலை. தோளில் கை போட்டான்.

“அம்பலம்! கெழவனாயிட்டியேடா.”

“நீயும்தான்.”

“தங்கச்சி, நல்லா இருக்கியாம்மா? இவன் இன்னும் தப்புத் தப்பா எழுதுன போர்டெல்லாம் நின்னு திருத்திட்டுதான் வர்றானா?”

“நேத்து லாட்ஜ் மெனுல மூணு திருத்துனாரு அண்ணே.”

அவன் சிரித்தான். பிறகு சுவரைப் பார்த்தான். “கல்லப் பாத்துட்டியா?”

“பார்த்தேன்.”

“நல்லாத் தெளிவா இருக்குல்ல?”

“ரொம்பத் தெளிவு.”

என் பையை ஒரு கணம் பார்த்தான். “பழைய நோட்டு கொண்டாந்திருக்கியா?”

“ஆமா.”

“நல்லதாப் போச்சு. நாளைக்கி மேடைக்கு எடுத்துட்டு வாடா.”

விடுதிக்கு வந்து யோசித்தேன். நோட்டைக் காட்டினால் வாசிப்பு என்னுடையது என்று நிரூபணமாகும். பிழையும் என்னுடையது என்று நிரூபணமாகும். காட்டாவிட்டால் பிழை முழுவதும் கல்வெட்டுச் செம்மலுக்கே உரியது. பதினாறு ஆண்டுகளில் முதன்முறையாக, என் பொருள் அவனிடம் இருப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. அவன் அதைக் கருங்கல்லில் செதுக்கித் திரையை விலக்கட்டும். அடுத்த மாதம் நான் இரண்டு பக்கக் கட்டுரை எழுதுவேன். ஒரே எழுத்து. மூன்று பதிப்புகள்.

இரவுச் சாப்பாட்டில் இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கினேன். தையல்நாயகி என்னைச் சந்தேகத்துடன் பார்த்தாள்.

பிப்ரவரி 15, சனி

நோட்டை விடுதியிலேயே வைத்துவிட்டு, முன் வரிசையில் அமர்ந்தேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசை தவறினால் கதை எனக்குச் சாதகமாகிவிடும்.

தனகோட்டி முதலியார் மடியில் மூன்று வயதுப் பேரனை வைத்துக்கொண்டு மேடையில் அமர்ந்திருந்தார். தாத்தா முடிக்காததைப் பேரன் முடிப்பான் என்று இந்தக் கல்வெட்டு தனக்குச் சொன்னதாகவும், அதனாலேயே திருப்பணியை ஏற்றதாகவும் பேசினார். பேசும்போது கண் கலங்கினார். உண்மையாகவே கலங்கினார், நான் கவனித்துப் பார்த்தேன்.

பிறகு பூவராகன் எழுந்தான்.

“பெரியோர்களே, இன்னிக்கி ஒரு உண்மையச் சொல்லணும். இந்தக் கல்வெட்டை முதன்முதல்ல படிச்சது நான் இல்ல. ‘பேரன்’ங்கிற அந்தச் சொல்ல இந்த உலகத்துக்குக் குடுத்தது என் நண்பன் அம்பலவாணன். நான் வாளி புடிச்சேன், அவ்வளவுதான். பதினாறு வருஷமா இந்தப் பெருமைய நான் தூக்கிச் சுமந்துட்டேன். இனிமே அது அவனோடது. முழுசா அவனோடது.”

திரை விலகியது. கறுப்பு கிரானைட், பொன்னெழுத்து. ‘பெருந்தச்சன் நக்கனின் பேரன் இக்கோயிலை நிறைவு செய்து விளக்கிட்டான். இக்கல்வெட்டை வாசித்தவர்: திரு. சீ. அம்பலவாணன், எம்.ஏ., மயிலாடுதுறை.’

கேள்விக்குறி இல்லை.

பதினாறு ஆண்டுகளாக நான் கேட்டது இதைத்தான். ஒரு வரியில் என் பெயர். முன்னெழுத்துடன், பட்டத்துடன், ஊருடன். ஒற்றுப்பிழைகூட இல்லாமல் செதுக்கியிருந்தார்கள்.

மேடைக்கு அழைத்தார்கள். சால்வை போர்த்தினார்கள். ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள். தனிக் குறில், இரட்டிப்பு, எட்டாம் வரி என்று விளக்குவதற்கு மூன்று நிமிடம் போதும். முப்பது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறவன் நான். நான் சொன்னது இவ்வளவுதான்: “அனைவருக்கும் வணக்கம். அந்தச் சொல் பேரன் அல்ல. பொன்.”

மூச்சு விட்டேன். அடுத்த வாக்கியத்துக்கு வாய் திறப்பதற்குள் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய தமிழாசிரியர் இன்னொரு ஒலிவாங்கியைப் பற்றினார். “ஆகா! பேரன் அல்ல, பொன்! என்ன ஒரு சொல்லாட்சி! பேரன் என்பவன் வெறும் பேரன் அல்ல, அவன் குடும்பத்தின் பொன் என்கிறார் ஐயா!”

முதலியார் எழுந்து பேரனைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். அரங்கம் அதிர்ந்தது. கைத்தட்டல் ஏறக்குறைய கால் நிமிடம் நீடித்தது. அதன்பிறகும் ஒலிவாங்கி என் கையில்தான் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

பந்தியில் முதலியார் அருகில் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “ஐயா, ஒரே வார்த்தையில உருக வெச்சிட்டீங்க.”

“முதலியார் ஐயா, நான் மெய்யாகவே சொன்னேன். அது பொன்தான். விளக்குக்காகக் கொடுத்த பொன்.”

“அதான் ஐயா, நானும் சொல்றேன். பொன்னுதான்!” என்று குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினார். குழந்தை அழுதது. அரங்கில் நிலைமையைச் சரியாகப் புரிந்துகொண்டவன் அவன் ஒருவனே.

பூவராகன் பாயசத்துடன் வந்தான்.

“அந்த ‘னி’யை எப்போ பார்த்தே?” என்று கேட்டேன்.

அவன் நடிக்கவில்லை. அது அவனிடம் நான் கண்ட ஒரே நல்ல குணம். “ஐப்பசியில. பூச்ச எடுத்த அன்னிக்கே.”

“என் பேரை எப்போ செதுக்கச் சொன்னே?”

“கார்த்திகை.” பாயசத்தைக் கலக்கினான். “நாலாம் பதிப்பு அச்சுல இருக்குடா. அதுலயும் உன் பேருதான் முன்னாடி. பதினாறு வருஷமா எம்மேல கோவமா இருந்தியே, உன் சொத்த உங்கிட்டயே குடுத்துட்டேன். இன்னும் என்ன கோவம்?”

“கேள்விக்குறி எங்கே?”

“அத நீயே எடுத்திருக்கலாமேடா, எப்பயோ ஒருநாள் பஸ் ஏறி வந்து.”

  

விடுதியில் தையல்நாயகி சால்வையை மடித்து வைத்தாள். “அந்தாளு இன்னிக்கிக் குடுத்ததுல ஏதோ விஷம் இருக்குன்னு புரியுது. என்னன்னுதான் புரியல.”

சொன்னேன். இரட்டிப்பு விதி உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு விளங்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

“இத மைக்குல சொல்லியிருக்கலாமே.”

“விடவில்லையே.”

“கைதட்டி முடிச்சப்பறம்?”

பிப்ரவரி 16, ஞாயிறு

காலை ஏழரைக்குக் கோயிலுக்குப் போனேன். தையல்நாயகியும் கூடவே வந்தாள். வாசலில் பூ விற்கும் பெண்ணிடம் ஒரு பொட்டலம் கோலமாவு வாங்கினேன். கல்வெட்டின் மீது வெள்ளை மாவைத் தேய்த்துத் துடைத்தால் வெட்டிய கோடுகளில் மட்டும் மாவு தங்கி எழுத்து எழுந்து நிற்கும். கல்லுக்குக் கேடில்லை, ஒரு குடம் தண்ணீரில் போய்விடும்.

புதிய கிரானைட்டின் முன்னால் ஒரு குடும்பம் நின்றிருந்தது. தந்தை தன் மகளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ‘வாசித்தவர் திரு. சீ. அம்பலவாணன்’ என்பது வரை விடாமல் படித்தார். நல்ல உச்சரிப்பு.

நான் அவர்களைக் கடந்து அடித்தளத்தருகே மண்டியிட்டேன். எட்டாம் வரியின் முதல் எழுத்தில் மாவைத் தேய்த்தேன். ‘னி’ வெண்மையாக எழுந்தது. பத்தடி தூரத்திலிருந்தும் தெரிந்தது. அந்தத் தந்தையைக் கூப்பிட்டேன். “ஐயா, ஒரு நிமிடம் இங்கே வாருங்கள். அங்கே எழுதியிருப்பது தவறு” என்று தொடங்கினேன். அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சற்று விரைவாகவே வெளியேறினார். அதற்குள் காவலாளி வந்துவிட்டார்.

“யோவ்! இன்னாய்யா பண்றே? செவுத்துல கோலம் போடுறியா?”

“கோலம் இல்லை. இந்த எழுத்தைப் படிக்கும்படி செய்கிறேன்.”

“படிச்சவரு மாதிரி கீறீங்க, நீங்களே கிறுக்கலாமா சார்? நேத்துதான் பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வந்து கல்லு தொறந்தாங்க. இன்னிக்கே அசிங்கம் பண்ணா எம் வேல போவும்.”

“நேற்று திறந்த கல்லில் இருப்பது என் பெயர்தான்.”

“ஆங். கோபுரத்துல கீறது எம் பேரு. வா சார் ஆபீசுக்கு.”

அலுவலகம் என்பது ஒரு மேசை, ஒரு விசிறி, ஒரு நீளக் குறிப்பேடு. சுவரில் கிறுக்கிப் பிடிபடுகிறவர்கள் தம் கையாலேயே விவரம் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பது முதலியாரின் விதியாம். முந்தைய பக்கம் முழுவதும் காதலர்கள். சுரேஷ், பவித்ரா, அம்பு துளைத்த இதயம் ஒன்று.

காவலாளி எத்திராஜ் பேனாவைக் கொடுத்தார். “பேரு, ஊரு, இன்னா கிறுக்குனே, எல்லாத்தியும் எழுது சார்.”

“இனிஷியலோட எழுதுங்க” என்றாள் தையல்நாயகி.

சீ. அம்பலவாணன், மயிலாடுதுறை என்று எழுதினேன். கிறுக்கிய எழுத்து என்ற கட்டத்தில் ‘னி’ என்று எழுதினேன்.

எத்திராஜ் குனிந்து படித்தார். பிறகு தையல்நாயகியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “னி மட்டுமா? யாரு சார் அது? மீதிப் பேரு எங்க?”

“மீதியை முப்பது வருஷமா நான்தான் தப்பாப் படிச்சிருக்கேன்” என்றேன்.

“அப்பிடின்னா அதியும் எழுது.”

‘ஏழாம் வரியில் பேரன் என்று நான் படித்தது தவறு, பொன் என்பதே சரி’ என்று அதையும் எழுதி, தேதியிட்டு, கையொப்பமிட்டேன்.